முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை

அத்தியாயம் 5

"ஷெட்டுல வண்டி நிக்கக் கூடாது. நின்னா ஒரு உசுரு போயிடும்."

அவ்வளவுதான் கடிதம். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. சிமென்ட் பையிலிருந்து கிழித்த பழுப்புத் தாளில் தடித்த பென்சிலால் கிறுக்கியிருந்தது. மேஜை மேல் விரித்து வைத்தேன். பாயைப் போலத் தானே சுருண்டுகொண்டது. மறுபடி விரித்தேன். மறுபடி சுருண்டது.

"மிரட்டல் கடிதத்துக்கே இவ்வளவு வெட்கம்னா, எழுதினவன் எப்படி இருப்பான்?" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வக்கீலம்மாவும் சிரிக்கவில்லை. சிகரெட்டை விட்ட இந்தப் பதினொரு நாளாக என் ஜோக் எதுவும் எடுபடுவதில்லை. வீட்டுக்காரிக்குக் கொடுத்த வாக்கு, மீற முடியாது. ஆனாலும் ஒன்றே ஒன்று சட்டைப் பையில் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை.

வக்கீலம்மா இருபது வருஷம் கோர்ட்டில் கத்திவிட்டு, 'பொய் சொல்றவங்களைக் காப்பாத்தினது போதும், இனிமே பிடிக்கலாம்' என்று துப்பறியும் ஆபீஸ் போட்டவர். அவர் பின்னாலேயே அலைவதால் எனக்கு வால் என்று பெயர். என் சொந்தப் பெயரைச் சொன்னால் வீட்டிலேயே யாரும் திரும்புவதில்லை.

"இது எப்படி வந்தது?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"கல்லுல சுத்தி கேட்டைத் தாண்டி எறிஞ்சிருக்கான். நேத்துக் காலைல தோட்டத்துல கிடந்தது." டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு. ஐம்பது வயது, அழுத்தி வாரிய தலை, விரல் இடுக்கில் சாக்பீஸ் தூள். "எழுதினது மேஸ்திரிதான். எங்க தோட்டத்துல கார் ஷெட் கட்டினவன். வேலை சுத்தமில்லைன்னு கண்டிச்சேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். போன் பண்ணா எடுக்கறதில்லை. எந்த சைட்டுல இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. நானே பேசிக்கறேன்."

"வண்டி வந்துடுச்சா?"

"இன்னிக்கு நாலு மணிக்கு வருது. எனக்குப் பயமாயிருக்கும்மா. வண்டி ஓட்டப் போறவ நான்தானே? போற உசுரு என்னோடதாத்தானே இருக்கும்?" கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார். "வீட்டுக்காரருக்கு இது தெரிய வேண்டாம். படுத்த படுக்கையா இருக்கற மனுஷன்."

வக்கீலம்மா தாளை விரலால் உருட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சிமென்ட் தூளைத் தட்டினார். "முதல்ல ஷெட்டைப் பாக்கலாம்" என்றார்.

வீடு தெருவின் கோடியில், தனியாக இருந்தது. பக்கத்து மனை காலி. தோட்டம் என்று சொன்னார்களே தவிர, பாதித் தோட்டத்தை ஷெட் விழுங்கியிருந்தது. வேரோடு பிடுங்கிய செடிகள் வேலியோரம் காய்ந்து கிடந்தன. ஒரு பெரிய மரத்தை வெட்டிய அடிக்கட்டை நடுவில் ஈரமாக நின்றது. புது சிமென்ட் வாசனை மூக்கில் ஏறியது. எனக்குப் பிடித்த வாசனைதான். அன்றைக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"பிளான் யார் போட்டது?"

"நான்தான்." டீச்சர் ஒரு வரைபடத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். கோடெல்லாம் அச்சடித்ததுபோல இருந்தது. மூன்று இடத்தில் மட்டும் சிவப்புப் பென்சில் திருத்தம்.

"இது?"

"முதல்ல ஷெட் கேட்டுப் பக்கத்துல வர்ற மாதிரி போட்டேன். அப்புறம் வீட்டுச் சுவரோட சேத்துட்டேன். ஒரு சுவர் மிச்சம்."

"இது?"

"வென்டிலேட்டர் வேண்டாம்னு அடிச்சுட்டேன். எலி வரும்."

"இது?"

"ஷட்டருக்கு அடியில ரப்பர் பட்டை. மழைத் தண்ணி உள்ளே வராது."

எந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது. கணக்கு டீச்சரிடம் படித்திருந்தால் நானும் உருப்பட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குள் போனோம். ஷட்டரைத் தூக்கியிருந்தும் உள்ளே இருட்டுதான். மூன்று பக்கமும் புதுச் சுவர், நாலாவது பக்கம் வீட்டின் பழைய சுவர். அதில் ஒரு ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு டயர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. இங்கே வண்டி வரும் பின்னே, டயர் வரும் முன்னே" என்று சொல்லிக்கொண்டே அதை உருட்டினேன். டயருக்குப் பின்னால் சுவரில் ஓர் ஓட்டை. என் கை முஷ்டி தாராளமாக நுழையும்.

"அதுவா?" என்றார் டீச்சர் உடனே. "சாரம் கட்டறதுக்கு விட்ட ஓட்டை. கட்டி முடிச்சதும் அடைக்கணும். அடைக்காமலே ஓடிட்டான். இதைத்தான் கண்டிச்சேன்."

நியாயம்தானே? கட்டிடம் கட்டுகிற இடத்தில் எல்லாச் சுவரிலும் இப்படி ஓட்டைகளைப் பார்த்திருக்கிறேன். கம்பைச் செருகிப் பலகை போட்டு மேலே நின்று பூசுவார்கள். டயரைப் பழையபடி சாய்த்தேன். வக்கீலம்மா சுவரோரம் போய் நின்றார். ஓட்டையைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம். ஒரே ஒரு தடவை, நீளமாக.

டீச்சரின் தோள் சட்டென்று தூக்கிக்கொண்டது. "தண்ணி கேக்கறார்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

கணவர் ரயிலில் கார்டாக இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி மலர்ந்த முகத்தோடு எங்களை வரவேற்றார். 'வண்டி இன்ஷூரன்ஸ்காரங்க' என்று டீச்சர் எங்களை அறிமுகப்படுத்தினார்.

"உக்காருங்க, உக்காருங்க! மனுஷ முகத்தைப் பார்த்தே நாளாச்சு. இந்த விசில் இருக்கே, இதுதான் எனக்குக் கையும் காலும். ஒண்ணு அடிச்சா தண்ணி. ரெண்டு அடிச்சா புரட்டிப் படுக்க வைக்கணும். மூணு அடிச்சா… அது எதுக்கு, விடுங்க. டீச்சர் எந்த வேலையில இருந்தாலும் வந்துடுவா. எங்க ரயில்வேயில கூட அவ்வளவு கரெக்ட் கிடையாது."

"ஜன்னலை அடைச்சுட்டாங்களே, சார்?" என்றார் வக்கீலம்மா.

"அடைச்சாச்சு. அந்த மரத்தைத்தான் நாள் பூரா பாத்துட்டிருப்பேன். போகட்டும், பாவம், அவளும் எத்தனை நாள் பஸ்ஸுல தொங்குவா? ஆனா ஒரு அதிசயம் பாருங்க. ஜன்னல் போனப்புறமும் எங்கேயோ இருந்து காத்து வருது. சில்லுனு, காலடியில. நல்லாத்தான் இருக்கு."

"அது கதவு வழியா வருது" என்றார் டீச்சர், டம்ளரை அவர் வாயில் வைத்தபடி.

"இந்த வீட்டை வித்துட்டு டவுனுக்குப் போலாம்னு கொஞ்ச நாள் பிடிவாதம் பிடிச்சா. 'என் கட்டை இங்கேதான் வேகும், நான் போனப்புறம் வித்துக்கோ'ன்னுட்டேன்." கார்டு சார் கடகடவென்று சிரித்தார். "அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. தங்கம்."

டீச்சர் அவர் வாயைத் துடைத்துவிட்டார். நல்ல மனைவி என்று நினைத்தேன். நான் துப்பறியும் ஆபீசில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவன் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மேஸ்திரியைத் தேட வேண்டுமென்றால் வீட்டில் தேடக் கூடாது, சிமென்ட் கடையில் தேட வேண்டும். கடைக்காரர் கையைக் காட்டினார். சலவைக் கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறாராம். போனோம். ஆள் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, கையில் கரணை.

"டீச்சர் வீட்டுலேருந்து வரோம்" என்றேன்.

கரணை நின்றுவிட்டது. "வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார்.

மிரட்டியவன் கேட்கிற கேள்வி இல்லை இது. இருந்தாலும் அதட்டினேன். "அதை நாங்க சொல்றோம். முதல்ல நீ சொல்லு, டீச்சரை ஏன்யா மிரட்டினே?"

"டீச்சரையா?" மேஸ்திரி இறங்கி வந்தார். "நான் எதுக்கு தம்பி டீச்சருக்கு எழுதறேன்? உள்ளே படுத்திருக்காரே, அந்த மனுஷனுக்குல்ல எழுதினேன்!"

நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கல்லுல சுத்தி எறியலையா மேஸ்திரி?"

"எதுக்கும்மா எறியணும்? அந்த ஓட்டை வழியா உள்ளே தள்ளினேன். ஒம்போது இஞ்சு சுவரு, கையை விட்டும் அவர்கிட்ட எட்டலை. கம்பியில சுருட்டித் தள்ளிவிட்டேன்."

பாயைப் போலச் சுருண்டுகொண்ட தாள்! கல்லில் சுற்றி எறிந்திருந்தால் கசங்கி இருக்கும். என் மேஜை மேல்தான் ரெண்டு தடவை சுருண்டது. நான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அது அவர் கைக்குப் போகலை" என்றார் வக்கீலம்மா. "கட்டிலுக்கு அடியில விழுந்திருக்கு. பெருக்கினவங்க கைக்குப் போயிடுச்சு. சரி, ஒண்ணு சொல்லுங்க. சாரத்துக்கு எந்த உயரத்துல ஓட்டை விடுவீங்க?"

மேஸ்திரி தலைக்கு மேலே செருகியிருந்த கம்புகளைக் காட்டினார். "தரையில நின்னா கை எட்டாத இடத்துக்குத்தானேம்மா சாரம்?"

வக்கீலம்மா குனிந்து தன் முழங்காலைத் தட்டினார். "இந்த உயரத்துல?"

"தவழ்ற பிள்ளை கொத்து வேலைக்கு வந்தா விடலாம்."

ஜோக் அடிப்பது என் வேலை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது ஷெட்டாவது கட்டியிருப்பேன். எல்லாரும் காத்து வேணும்பாங்க. காத்தே வேண்டாம்னது இந்த அம்மாதான். சரி, அவங்க வீடு, அவங்க இஷ்டம். ஜன்னலை அடைச்சுப் பூசிட்டுப் போனேன். மறுநாள் வந்தா கீழே ஒரு செங்கல் இல்லை. சித்தாள் இடிச்சுட்டான்னு நினைச்சு அடைச்சேன். மறுநாள் மறுபடி ஓட்டை. மூணாந்தரமும் அடைச்சேன். அன்னிக்கு அந்தம்மா கையில உளியைப் பாத்தேன். 'வேலை முடிஞ்சுது, நீங்க போலாம்'னுட்டாங்க."

"நேர்ல போய்ச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். அதட்டல் போய்விட்டிருந்தது.

"அவர்கிட்ட ஒரு நிமிஷம் தனியா விடலையே, தம்பி. போலீசுக்குப் போனா, செவுத்துல ஓட்டை விட்டவன் யாருன்னு கேப்பான். கரணை என் கையிலல்ல இருந்துச்சு?" மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார். "என் மச்சான் ஒரு சைட்டுல கதவைச் சாத்திக்கிட்டு, ஜெனரேட்டரை ஓடவிட்டுட்டுத் தூங்கினான். காலைல எழுப்பப் போனேன். தூங்கற மாதிரியே இருந்தான். புகை வந்து கொல்றது தூங்கறவனுக்குத் தெரியாதும்மா."

எனக்கு அந்த மூன்று சிவப்புத் திருத்தங்கள் ஞாபகம் வந்தன. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நியாயம். மூன்றையும் கூட்டினால் விடை கட்டிலில் படுத்திருந்தது.

"அப்புறம் எதுக்கு நம்மகிட்ட வந்தாங்க?" என்றேன். "சும்மா போன சனியனைக் கூப்பிட்டு விருந்து வெப்பாங்களா?"

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கடிதம் சொல்லிடுச்சு. அவர் எங்கே இருக்கார்னு தெரிஞ்சாகணும். நாளைக்கு டீச்சரோட வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா, மேஸ்திரி மிரட்டினான், பழிவாங்கறதுக்கு ஓட்டை விட்டுட்டுப் போனான்னு சாட்சி சொல்ல ரெண்டு பேர் வேணும்."

"எந்த ரெண்டு பேர்?"

"ஒண்ணு நான். இன்னொண்ணு என் வால்."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. டீச்சர்.

"மேஸ்திரி கிடைச்சானா?" என்றார். "வண்டி சீக்கிரமே வந்துடுச்சு. ஷெட்டுல ஏத்திட்டோம்."

நாங்கள் போன வேகத்துக்கு எங்கள் ஸ்கூட்டர் பழக்கப்பட்டதில்லை. வழியெல்லாம் வக்கீலம்மா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். மேஸ்திரி சொல், டீச்சர் சொல். யார் சொல்லைப் போலீஸ் நம்பும்? அந்த ஓட்டை என்ன செய்யும் என்று எல்லார் எதிரிலும் அதுவே காட்ட வேண்டும். "உன் பையில ஒரு சிகரெட் இருக்கில்ல?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஷெட்டில் வண்டி நின்றது. கறுப்பு, பழசு, பெரிசு. எஞ்சின் ஓடவில்லை. கடவுளே என்று மூச்சு விட்டேன். இன்ஷூரன்ஸ் வேஷத்துக்கு எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி நான் மட்டும் ஷெட்டில் தங்கினேன். வக்கீலம்மா டீச்சரைப் பேச்சுக் கொடுத்து உள்ளே கூட்டிப் போனார்.

ஷட்டரை இறக்கினேன். ரப்பர் பட்டை தரையில் பொத்தென்று உட்கார்ந்தது. அவ்வளவுதான், வெளியுலகம் போய்விட்டது. வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. தடவித் தடவி டயரை நகர்த்தினேன். ஓட்டையிலிருந்து ஒரு முழ நீள வெளிச்சம் விழுந்தது. மண்டியிட்டுக் குனிந்து கண்ணை வைத்தேன். கட்டிலின் கால்கள் தெரிந்தன. அதற்கு அப்பால் இரண்டு ஜோடிச் செருப்பு. வக்கீலம்மாவின் நீலம், டீச்சரின் பழுப்பு.

பதினொரு நாள் தவத்தைப் பற்றவைத்தேன். இழுத்த புகையை எல்லாம் அந்த ஓட்டைக்குள் ஊதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது.

"காலைல எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பாங்க, சார்?" வக்கீலம்மாவின் குரல்.

"அஞ்சு நாப்பதுக்கு எஞ்சின் ஆன். ஆறு பத்துக்குப் புறப்பாடு. பழைய வண்டியாச்சே, அரை மணி சூடேறணுமாம். ஷட்டரைத் திறந்தா சத்தம் தெருவுக்கே கேக்கும்னு, மூடிட்டுத்தான் சூடேத்தப் போறாளாம். டைம்டேபிளே போட்டு வெச்சிருக்கா. நான் எழுந்திருக்கறது ஏழுக்கு. விடிகாலைல அந்த மாத்திரையைப் போட்டா இடி விழுந்தாலும்…" கார்டு சார் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அட, யாருப்பா சிகரெட் பிடிக்கறது? வாசனை பார்த்து எட்டு வருஷமாச்சு!"

நான் இன்னொரு தடவை ஊதினேன்.

"காலடியில இருந்துல்ல வருது?" என்றார் கார்டு சார்.

பழுப்புச் செருப்பு அசையவில்லை.

"ஷட்டரை மூடிட்டு ஷெட்டுக்குள்ள என் ஆள் ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறான், சார்" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "ஒரு சிகரெட் புகைக்கே வழி தெரியுது. எஞ்சின் அரை மணி ஓடினா?"

ரயில் கார்டுக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. அஞ்சு நாப்பது, ஆறு பத்து, ஏழு. எனக்கு அவர் முகம் தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான்.

"அது மேஸ்திரி சாரத்துக்கு விட்ட ஓட்டை" என்றது டீச்சரின் குரல்.

"முழங்கால் உயரத்துல நின்னுக்கிட்டு எந்தச் சுவரைப் பூசறது, டீச்சர்? வார்த்தையைக் கத்துக்கிட்டீங்க. வேலையைப் பாக்கலை. அந்த ஓட்டை வழியா வந்த கடிதத்தைக் கல்லுல சுத்தி வந்ததுன்னும் சொல்லிட்டீங்க. அது இன்னும் சுருண்டுதான் இருக்கு."

நான் சிகரெட்டைத் தரையில் நசுக்கினேன். டீச்சர் அழுவார், மறுப்பார், மயங்கி விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"ஒரு ராத்திரிக்கு எத்தனை விசில் தெரியுமா? எண்ணியிருக்கேன். குறைஞ்சது பதினாலு. எட்டு வருஷம். காலைல போய்ப் பிள்ளைங்களுக்கு முன்னால நிப்பேன், கரும்பலகை ரெண்டாத் தெரியும். வீட்டை வித்துட்டு டவுனுக்குப் போவோம், பாத்துக்க ஒரு ஆளை வெச்சுக்குவோம்னு கெஞ்சினேன். நான் போனப்புறம் வித்துக்கோன்னார்." கொஞ்சம் நிறுத்தினார். "சரின்னுட்டேன்."

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் அடித்தது. எனக்குக் குளிர் விடவில்லை.

போலீசுக்குச் சொல்லிவிட்டுக் கூடத்தில் காத்திருந்தோம். டீச்சர் ஒரு நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் வக்கீலம்மா. எனக்குச் சொல்வதற்கு ஒரு ஜோக்கூட இல்லை.

அறைக்குள்ளிருந்து விசில். ஒன்றே ஒன்று.

டீச்சர் எழுந்துவிட்டார். யோசிக்கவே இல்லை. கை தானாக டம்ளரை எடுத்தது, கால் தானாகப் பானையை நோக்கி நடந்தது. பாதி வழியில்தான் அவருக்கே தெரிந்தது. டம்ளரோடு அப்படியே நின்றார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் வக்கீலம்மா. "வால் கொண்டு போவான்."

நான் டம்ளரை வாங்கி, தண்ணீர் மொண்டுகொண்டு உள்ளே போனேன். கார்டு சார் தண்ணீரைத் தொடவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"அவ எழுந்தாளா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"எழுந்தாங்க, சார்" என்றேன்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே சுவர்தான் இருந்தது.